முகத்தைத் தவிர

— அசையாத கண்ணு. இன்னும் நாலு கொண்டை ஊசிதான் பாக்கி.

— ஊசிய அந்தப் பக்கம் குத்துக்கா. இந்தப் பக்கம் மண்டை பிளந்திருக்கு.

— அடக் கடவுளே! ரத்தம் காய்ஞ்சு முடி வலையோட ஒட்டிக்கிச்சு. எதால அடிச்சாரு உன் புருஷன்?

— எனக்குக் கிடைச்ச அவார்டாலதான். சிறந்த நடிகைன்னு குடுத்தாங்களே, வெண்கலப் பொம்மை. நல்ல கனம்க்கா, சும்மா சொல்லக் கூடாது.

— உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்.

— சிரிக்க வைக்காத. சிரிச்சா விலா குத்துது.

— மேடம்! மூணு மணி ஷோ! இன்னும் இருபது நிமிஷம்!

— கதவத் திறக்காத மேனேஜரு! மேடம் உடுத்திக்கிட்டிருக்காங்க!

— ஐயா அப்பவே ராஜா வேஷத்துல தயாராகி நிக்கிறாருக்கா. மூஞ்சி சரியில்ல. அதான் சொல்லிட்டுப் போகலாம்னு...

— சொல்லிட்டேல்ல மேனேஜரு? போ. ...எதுக்குக் கண்ணு இந்தத் தடவை?

— நேத்து கடைசிப் பாட்டுல அந்த உச்சி சுரத்துல நாலு எண்ணிக்கை நிக்கணும். ஏழு நின்னேன். தானா வந்துச்சுக்கா, மூச்சு முட்டவே இல்ல. ஜனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அந்தச் சத்தத்துல ஐயாவோட வசனம் யார் காதுலயும் விழல.

— அதுக்கா?

— வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கதவச் சாத்தினாரு. மூணு எண்ணிக்கை கூட நின்னேன்ல, மூணு அடி. எண்ணிக்கிட்டே அடிச்சாரு. அஞ்சு, ஆறு, ஏழுன்னு. ஏழாவதுதான் பொம்மை.

— பாவி மனுஷன். ...சரி, கழுத்துத் துணிய எடு. பவுடர் போடணும்.

— நீயே எடு.

— இது... இது என்ன? கழுத்துலயா? கழுத்துல கை வைக்க மாட்டாரே! வெளிய தெரியுமே!

— இன்னிக்கு வச்சுட்டாரு. காலையில எந்திரிச்சு அந்த இடத்த மறுபடி பாடிப் பார்த்தேன், வருதான்னு. பின்னாலேருந்து வந்து ரெண்டு கையாலயும் நெரிச்சாரு. இந்தக் குரல்தானே உனக்குத் திமிருன்னு கேட்டுக்கிட்டே நெரிச்சாரு. கண்ணு இருட்டிக்கிச்சு. செத்தேன்னுதான் நினைச்சேன். ஒரு கட்டை விரல் வாய்க்கிட்ட வழுக்குச்சு. கடிச்சேன்.

— அவரையா?

— அவரத்தான். எலும்பு பல்லுல பட்டுச்சு. விடல. அவரு என் தலைய செவுத்துல மோதினாரு, அப்பவும் விடல. இன்னிக்கு ராஜா வேஷத்துக்குக் கையுறை எதுக்குன்னு நினைக்கிற?

— ஐயோ, இனிமே சும்மா விடுவாரா? கொன்னே போட்டுடுவாரு.

— அதான் நானும் சொல்றேன். அடுத்த தடவை நான் இருக்க மாட்டேன். பதினாறு வயசுல நாடகத்துல மூணாவது வரிசையில மரமா நின்னவக்கா நான். கைய ரெண்டும் தூக்கிட்டு, இலை கட்டிக்கிட்டு. கதாநாயகிக்குத் தொண்டை கட்டின அன்னிக்கு அந்த மரம்தான் பாடுச்சு.

— அந்தப் பச்சைச் சாயத்த உன் மூஞ்சியிலேருந்து துடைச்சு விட்டவளே நான்தானே.

— அப்புறம் கல்யாணம், ஒன்பது படம், அவார்டு. படம் நின்னதும் திரும்ப மேடை. எல்லாமே இந்தத் தொண்டை போட்ட சோறு. விலா உடைஞ்சா ஒட்டிக்கும். இத நெரிச்சா நான் என்னக்கா மிச்சம்? அதான் நேரா போலீசுக்குப் போயிட்டேன்.

— போலீசுக்கா! எப்ப?

— இங்க வர்ற வழியிலதான். ஒரு பொம்பள போலீசு. முதல்ல என் கூட நின்னு போட்டோ எடுத்துக்கிச்சு. அப்புறம் கழுத்தக் காட்டினேன். என்ன பண்ணுச்சு தெரியுமா? கைக்குட்டைய தண்ணியில நனைச்சு, சாயம் போகுதான்னு தேய்ச்சுப் பார்த்துச்சு.

— அடிப் பாவி!

— நடிகைதானே, வரைஞ்சிட்டு வந்திருப்பேன்னு நினைப்பு. பன்னெண்டு வருஷமா அடிக்கிறாருன்னு சொல்றீங்க, மூஞ்சியில ஒரு கீறல் கூட இல்லையே மேடம்னு கேட்டுச்சு. கண்ணால பார்த்த ஆளு யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்கன்னு அனுப்பிடுச்சு. ஷோ முடிஞ்சதும் நாம போறோம்.

— நாமளா?

— பெத்தவளுக்குத் தெரியாத உடம்பு உனக்குத் தெரியும். எந்தக் காயம் எந்தப் படத்துலன்னு கேட்டா மனப்பாடமா சொல்லுவ. உன்ன விட்டா யாரு சாட்சி?

— என்னால முடியாது கண்ணு.

— வேலை போயிடும்னு பயமா? எனக்கு ஒரு வாய் சோறு கிடைச்சா அதுல பாதி உனக்கு.

— அதில்ல.

— உன்னையும் அடிப்பாருன்னா?

— அடிச்சா வாங்கிக்குவேன். அது பெருசில்ல. என்னைக் கேக்காத. அந்தத் தாடையத் தூக்கு, கழுத்த மூடிடறேன்.

— மூடாத! கைய எடு! மூடி மூடித்தானே இந்தக் கதிக்கு வந்தேன்!

— மேடம், அஞ்சு நிமிஷம்! வாத்தியக்காரங்க உக்காந்துட்டாங்க!

— வர்றேன்! ...சொல்லுக்கா. ஏன் முடியாது? மூஞ்சியில ஒண்ணுமில்லையேன்னு போலீசு கேட்டுச்சே, அதுல ஒரு பைத்தியக்காரத்தனம் சொல்லட்டா? ஆரம்பத்துல ஒரு தடவைக்கு அப்புறம் மூஞ்சிய மட்டும் தொடலையேன்னு, அந்த மனுஷனுக்கு எங்கயோ ஒரு ஓரத்துல என் மேல பாசம் இருக்குன்னே நம்பினேன். இத்தனை வருஷமும் அத வச்சுத்தான் குடும்பம் நடத்தினேன்.

— பாசமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான்தான் சொன்னேன்.

— என்ன சொன்ன?

— உன் ரெண்டாவது படம். கன்னம் வீங்கி வந்த, ஞாபகமிருக்கா? மறைக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. உன்ன மாத்திடலாம்னு படக்காரங்க பேசிக்கிட்டாங்க. பயந்துட்டேன். உன்னக் கூட்டிட்டுப் போக அவரு மேக்கப் ரூமுக்கு வந்தப்ப கையெடுத்துக் கும்பிட்டு, ஐயா, முகத்துல மட்டும் வேணாம்யான்னு கெஞ்சினேன்.

— எனக்காகவா கெஞ்சின? அதத்தான்க்கா அங்க வந்து சொல்லணும்! அழாத. அது தப்பா?

— முழுசா கேளு. அவரு சிரிச்சாரு. அப்போ எங்க அடிச்சா உன்னால மறைக்க முடியும்னு கேட்டாரு.

— மேடம், திரை தூக்கறோம்!

— இருய்யா! ...நீ என்ன சொன்ன?

— வாயால சொல்லல கண்ணு. நீ அங்கயே மேக்கப் நாற்காலியில அசந்து தூங்கிட்டிருந்த. துணிய விலக்கி, உச்சி முடிக்குள்ள, விலாவுல, தொடையிலன்னு ஒவ்வொரு இடமா உன் மேலயே தொட்டுக் காட்டினேன்.