தூசிக்கால் கோர்ட்டு

— அந்தக் காலைத் தூக்குப்பா ஹேமோ. செருப்போட அடிப்பக்கம் தெரியணும்.

— தாராளமாப் பாருங்க ஐயா. நம்மகிட்ட ஒளிவுமறைவே கிடையாது. இப்பத்தான் பன்னிக்கொழுப்பு போட்டுத் துடைச்சேன். முகம் பார்க்கலாம்.

— எசமான், இவர் வித்த குதிரைக்குக் கண்ணு தெரியலைன்னு நான் பிராது கொண்டாந்திருக்கேன். நீங்க என்னடான்னா செருப்பைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க!

— முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. பேரென்ன, ஏவிஸா? இது பிஷப்போட சந்தை. நான் அவரோட காரியக்காரர். சந்தை நடக்கிற மூணு நாளும் நான்தான் நீதிபதி. இந்தக் கோர்ட்டுக்கு என்ன பேரு, சொல்லு?

— பைபௌடர் கோர்ட்டு. அதுகூடத் தெரியாமலா வந்தேன்?

— அப்படின்னா என்ன அர்த்தம்?

— ஏதோ பொடி.

— பொடியாம்! நம்ம நார்மன் பிரபுக்கள் பிரெஞ்சுல வச்ச பேரும்மா அது. 'பியே பூத்ரே.' தூசி படிஞ்ச கால்னு அர்த்தம். உங்க இங்கிலீஷ் ஜனங்க வாயில விழுந்து பைபௌடர்னு ஆயிடுச்சு. ஊர் ஊரா நடந்து வர்ற வியாபாரிக்காக ஏற்பட்ட கோர்ட்டு. அவன் காலைத் தட்டிட்டுக் கிளம்பறதுக்குள்ள தீர்ப்பு சொல்லிடணும்.

— அப்ப எனக்காக ஏற்பட்டதுதான். மூணு நாள் நடந்து வந்திருக்கேன். முழங்கால் வரைக்கும் தூசி, இந்தா பாருங்க.

— பாவாடையை இறக்கு, இறக்கு! உன் கால்ல தூசி இருக்கு, சரி. இவன் கால்ல இல்லையே. ரெண்டு பேர் கால்லயும் தூசி இருந்தாத்தான் இங்க விசாரணை. முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

— அதைத்தான் ஐயா நானும் சொல்றேன். நான் உள்ளூர்க்காரன். நம்மளைப் பத்தி ஊருக்கே தெரியும். என் மேல பிராதுன்னா நகர கோர்ட்டுக்கு வரட்டும். அறுவடை முடிஞ்சதும் கூடும்.

— அறுவடை வரைக்கும் நான் இங்க மண்ணைத் தின்னுக்கிட்டு இருக்கவா? குளிர்காலம் பூரா நூத்த கம்பளி நூலு எசமான், ரெண்டு மூட்டை! மொத்தத்தையும் கொடுத்துக் குதிரையை வாங்கினேன். ஏறி நாலு எட்டு போகலை, நேரா தேன்கடைக்குள்ள புகுந்துடுச்சு. மூஞ்சிக்கு நேரா கையை ஆட்டறேன், இமைக்கவே இல்லை.

— கூச்ச சுபாவம் ஐயா அதுக்கு. பொம்பளைங்களை நிமிர்ந்தே பார்க்காது.

— வாய்யா, வா! எங்க ஊருக்கு வந்து என் வீட்டுக்காரர்கிட்டயும் இதையே சொல்லு. எசமான், சாயங்கால மணி அடிச்சா சந்தையும் முடியும், உங்க கோர்ட்டும் கலைஞ்சிடும். அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லுங்க.

— குதிரை என்ன நிறம்?

— செம்பட்டை. நெத்தியில சுட்டி. இடது காது நுனி கிழிஞ்சிருக்கு.

— காது... கிழிஞ்சிருக்கா?

— ஆமா. ஏன் எசமான், வேர்க்குது உங்களுக்கு?

— வெயில்மா, வெயில். ஹேமோ, நகர கோர்ட்டுல உன்னை என்னென்ன கேப்பாங்க?

— எல்லாம் கேப்பாங்க ஐயா. எங்க வாங்கினே, யாருகிட்ட வாங்கினேன்னு. விலாவாரியாச் சொல்லிடுவேன்.

— நகர கோர்ட்டெல்லாம் எதுக்குப்பா வீணா? இன்னொரு தடவை காலைத் தூக்கு. துளி தூசிகூடவா இருக்காது?

— தூசிதானே வேணும் எசமான்? இந்தாங்க!

— ஐயோ! ஐயா, பார்த்தீங்களா? ரெண்டு கையாலயும் மண்ணை வாரி என் கால்ல கொட்டிட்டா!

— தூசி எப்படி வந்துச்சுன்னு சட்டம் கேக்கலை ஹேமோ. இருக்கான்னுதான் கேக்குது.

— துடைச்சுட்டேன் ஐயா!

— தையல்ல ஒட்டிக்கிட்டிருக்கு. தீர்ப்பு! குதிரையை நீயே எடுத்துக்கோ. நூல் மூட்டை ரெண்டையும் இப்பவே அந்தம்மா கையில கொடு. இனிமே எந்தக் கோர்ட்டுலயும் இதைப் பத்தி மூச்சு விடக்கூடாது.

— நீங்க நல்லா இருக்கணும் எசமான்! எங்க ஊர்ல போய்ச் சொல்வேன், பிஷப்போட சந்தையில நியாயம் இருக்குன்னு. தூக்குய்யா மூட்டையை! தேன்காரர் வண்டி கிளம்பப் போகுது.

— ...போயிட்டாளா?

— வண்டி பாலம் தாண்டிடுச்சு ஐயா.

— அப்புறம் நீ ஏன்யா இங்கயே நிக்கிற?

— அவ முன்னாடி பேசினா, குருடுன்னு தெரிஞ்சே வித்தேன்னு ஆயிடும். அதான் அவ போகட்டும்னு நின்னேன், இப்ப என் பணத்தைத் திருப்பிக் கொடுங்க. போன வாரம் கழுகுக்கண்ணு குதிரைன்னு சொல்லி இதை என் தலையில கட்டினது நீங்கதானே ஐயா?