எமிமா குடுத்த சுருதி

ஜெரின் தம்பி, பிளெஸ்ஸிம்மா... கொஞ்சம் அப்படியே உக்காருங்க. பிரியாணி வாசம் எனக்கும் வருது, நான் ஒண்ணும் மறைக்கல. உங்க கல்யாணப் பந்திக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை சொல்லிடுறேன். சின்னக் கதைதான்... ஏன் சிரிக்கிறீங்க? போதகர் சொன்னா நம்பக் கூடாதா?

எங்க பழைய சபையில ஒரு புருஷன் பொண்டாட்டி இருந்தாங்க. ஆல்வின், எமிமா. அவர் வாசிக்கிறது வயலின். அந்தம்மா வாசிக்கிறது ஹார்ப்சிகார்ட். பின் வரிசையில முழிக்கிறீங்க, தெரியுது... சொல்றேன். பாக்குறதுக்குப் பியானோ மாதிரியே இருக்கும். ஆனா பியானோவுல சுத்தியல் கம்பியை அடிக்கும். இதுல ஒரு குட்டி இறகு கம்பியைச் சுண்டும், வீணையில விரல் சுண்டுற மாதிரி. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல, ஒரு வீட்டு அறைக்குள்ள நாலு பேர் உக்காந்து கேக்குறதுக்குன்னே வயலினுக்கும் இதுக்கும் சேத்து இசை எழுதினாங்க. பரோக் இசைன்னு பேரு. அதைத்தான் இவங்க ரெண்டு பேரும் ஊர் ஊராப் போய் வாசிப்பாங்க.

இந்த ஹார்ப்சிகார்டுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாத் தொட்டாலும் அதே சத்தம்... ஓங்கிக் குத்தினாலும் அதே சத்தம். பாவம், அதுக்குக் கத்தத் தெரியாது! வயலின் அப்படியா? வில்லை அழுத்தினா வீதி முழுக்கக் கேக்கும். அப்போ ஒத்திகையில என்ன நடக்கும்?

"எமிமா, நீ வாசிக்கிறது காதுலயே விழல. அழுத்தி வாசி!"

"எவ்வளவு அழுத்தினாலும் இவ்வளவுதாங்க வரும். நீங்க கொஞ்சம் குறைச்சா என்ன?"

"நான் குறைச்சா பாட்டோட உசுரே போயிடும்!"

இதே சண்டை. திங்கள்கிழமையும் இதே சண்டை, செவ்வாய்க்கிழமையும் இதே சண்டை. சிரிக்கிற அண்ணன்மாரெல்லாம் பக்கத்துல இருக்குற அண்ணியைப் பாக்காதீங்க... மாட்டிக்குவீங்க.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உக்காந்தவர் சொல்லிட்டார்: "வர்ற கச்சேரியோட நாம சேந்து வாசிக்கிறதை நிறுத்திக்கலாம். நான் ஒரு பியானோக்காரரைப் பேசி வச்சிருக்கேன்."

அந்தம்மா அவருக்குக் குழம்பு ஊத்தினாங்க. அவ்வளவுதான். எனக்கு அந்தக் குழம்பை நெனச்சாலே மனசு என்னமோ பண்ணுது. கல்யாணம் ஆனதுல இருந்து பக்கத்துல உக்காந்து வாசிச்சவங்க இல்லையா? வேற ஆளைப் பாத்தாச்சுன்னா அந்த மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

கச்சேரி அன்னைக்கு நான் முன் வரிசையில இருக்கேன். எங்க சபை ஹால்தான். நம்ம ராசி... ஏ.சி. நின்னு போச்சு! தலைக்கு மேல பெரிய பெரிய விளக்கு. அந்தச் சூட்டுல ஹார்ப்சிகார்ட் கம்பியெல்லாம் தளர்ந்து சுருதி இறங்கிடுச்சு. முதல் பாட்டு முடியறதுக்குள்ள வயலின் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இசை தெரியாத எனக்கே பல் கூசுது!

பாட்டு முடிஞ்சது. எமிமா முகத்துல ரத்தமே இல்ல. சுருதி கூட்டுற சாவியைக் கையில எடுத்துட்டாங்க. ஆனா அதுல நூத்துக்கு மேல கம்பி. அத்தனையும் முறுக்கி ஏத்துறதுக்குள்ள கூட்டம் எந்திரிச்சுப் போயிடும். கண்ணு கலங்குது. கடைசிக் கச்சேரி வேற...

ஆல்வின் அதைப் பாக்குறார். சாவியைப் பாக்குறார்... அந்தக் கையைப் பாக்குறார்... அப்புறம் தன்னோட வயலினைப் பாக்குறார். எத்தனை கம்பி? நாலே நாலு கம்பி!

கிட்டக்க போய்க் குனிஞ்சார். "எமிமா, சுருதி குடு."

அந்தம்மா காதோட காதா சொல்றாங்க: "இது இறங்கிப் போச்சுங்க. தப்பான சுருதி."

"இருக்கட்டும். உன் சுருதியைக் குடு."

ஒரே ஒரு கட்டையைத் தொட்டாங்க... டிங்! அவர் தன் நாலு கம்பியையும் இறக்கி அதோட சேத்துக்கிட்டார். ஒரு நிமிஷம்... அவ்வளவுதான் ஆச்சு!

இப்போ கேளுங்க. கம்பியை இறக்கினதால வில்லை முன்ன மாதிரி அழுத்த முடியல, மெதுவாத்தான் வாசிக்கணும். மெதுவா வாசிச்சப்போதான் அவருக்குக் கேக்குது... எமிமாவோட வலது கை, தனியா ஒரு ராகத்தைப் பாடிக்கிட்டு இருக்கு! வயலின் ஒண்ணு கேட்டா அது பதில் சொல்லுது. இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு! இவர் சத்தத்துல இவருக்கே கேக்கல. வாசிச்சுக்கிட்டே திரும்பி அந்தக் கையையே பாத்தார். அந்த ஆளோட கண்ணுல தண்ணி.

வீட்டுக்குப் போற ஆட்டோவுல கேட்டாராம்: "அடுத்த கச்சேரிக்கு என்ன வாசிக்கலாம்?"

"பியானோக்காரரைக் கேளுங்க."

"எந்தப் பியானோக்காரர்?"

இதை எமிமாம்மாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.

தம்பி, பிளெஸ்ஸிம்மா... நான் ஏன் இதைச் சொல்றேன்? நாளைக்கு உங்க வீட்லயும் ஏ.சி. நிக்கும். ரெண்டு பேர்ல ஒருத்தர் சோர்ந்து சுருதி இறங்கி உக்காந்திருப்பாங்க. அப்போ யார் சரி, யார் தப்புன்னு பஞ்சாயத்து வைக்காதீங்க. யார் கையில நாலு கம்பி இருக்குன்னு பாருங்க! சீக்கிரம் மாத்திக்க முடிஞ்சவங்க மாத்திக்கணும். அது எப்பவும் மாப்பிள்ளைதான்னு இல்ல, எப்பவும் பொண்ணுதான்னும் இல்ல. இன்னைக்கு நீ வயலின், நாளைக்கு அவ வயலின். மாமியார், மாமனார்... உங்களுக்கும்தான் சொல்றேன், மேல ஃபேனைப் பாக்காதீங்க.

தம்பி ஜெரின், கோவம் வர்ற அன்னைக்கு "சத்தமாச் சொல்லு, கேக்கல"ன்னு சொல்லாத. கிட்டப் போ... குனி... "பிளெஸ்ஸி, உன் சுருதியைக் குடு"ன்னு கேளு. பிளெஸ்ஸிம்மா, நீயும் அப்படியே கேளு.

கேப்பீங்களா? ரெண்டு பேரும் சத்தமாச் சொல்லுங்க... சரி வேண்டாம், மெதுவாவே சொல்லுங்க. எனக்குக் கேக்குது.