தொப்பியின் வலப்பக்கம்

மானுக்கு எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, தோளில் வைத்துப் பார் என்பதுதான். விலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்றிப் பிறகு கண்ணைத் திறந்தால் குறி நேராக நிற்க வேண்டும். கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருந்தால் அது வேறு யாருக்கோ செய்த துப்பாக்கி. போன வருடம் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவர் புதிதாக வாங்கியதை எங்கள் வேட்டை விடுதிக்குக் கொண்டுவந்து காட்டினார். "இந்த விலைக்கு மான் தானா நடந்து வந்து உங்க வண்டியில ஏறிப் படுக்கணும் டாக்டர்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் மகன் கிலியன்தான் அதிக நேரம் சிரித்தான்.

துப்பாக்கியைவிடத் தோட்டா முக்கியம். நீங்கள் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன், நோட்புர்கா அம்மா. காவல்துறைக்கு வந்துவிட்டாலும் நீங்கள் வேட்டைக்காரர் மகள். பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். சிறிய குண்டு வேகமாகப் போகும், எலும்பில் பட்டால் மேலோடு சிதறிவிடும். மான் காயத்தோடு ஓடிவிடும். முழுக்க உலோக உறை போட்ட குண்டு வேறு விதம். அது விரியாது. ஊசிபோலத் துளைத்து மறுபக்கம் போய்விடும். மான் அப்போதும் உடனே சாகாது. என் தந்தை அந்த வகையை, இறகு கெடாமல் காட்டுச் சேவல் சுடுவதற்காக மட்டும் ஒரு பெட்டி வைத்திருந்தார். மானுக்கு வேண்டியது முனையில் ஈயம் தெரிகிற கனமான குண்டு. அது உள்ளே போய் விரிந்து அங்கேயே தங்கிவிடும். வெடிச் சத்தம் காதில் விழுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நாற்பத்தெட்டு வருடங்களில் நான் சுட்ட எந்த மானுக்கும் இரண்டாவது குண்டு தேவைப்பட்டதில்லை. மான் விழுந்ததும் ஊசியிலைக் கொப்பு ஒன்றை முறித்து, இரத்தத்தில் தொட்டு, தொப்பியின் வலப்பக்கம் செருகிக்கொள்வேன். சுட்டவன் நான், பொறுப்பும் எனது என்று அதற்குப் பொருள். இந்தப் பள்ளத்தாக்கில் நான்கு தலைமுறையாக வேட்டைத் தலைமை எங்கள் லைட்கெப் குடும்பத்திடம்தான் இருக்கிறது. அந்தக் கொப்பைப் பொய்யாக வைத்துக்கொண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இந்த வருடம் மே மாதக் கடைசி. தாய்மானைச் சுடவே கூடாத நாட்கள். மேல் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பெண்மான் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் கீழ்த்தாடை இல்லை. பல நாட்களாகப் புல்லைக் கடிக்க முடியாமல் விலா எலும்புகள் தெரிந்தன. குட்டி அதன் வற்றிய மடியை முட்டிக்கொண்டே இருந்தது. இரண்டையும் நானே முடித்துப் புதைத்தேன். பிறகு மரங்களுக்கடியில் தேடியபோது வெற்றுத் தோட்டா ஒன்று கிடைத்தது. கிலியனின் பதினாறாம் வயதில், நரி சுட என்று நான் வாங்கிக் கொடுத்த சிறு துப்பாக்கியின் தோட்டா. அந்தத் துப்பாக்கியின் ஊசி தோட்டாவின் அடியில் சற்று ஓரமாகக் குத்தும். அந்தத் தழும்பு எனக்குத் தெரியும்.

அவன் மறுக்கவில்லை. கீழே உள்ள ஓட்டல் சமையற்கட்டில் இருந்த நண்பர்கள் பருவத்துக்கு முன்பே மான்கறி கேட்டிருக்கிறார்கள். சத்தம் குறையட்டும் என்று சிறு துப்பாக்கி. கறி கெடாதிருக்கத் தலைக்குக் குறி. பட்டது தாடையில். நான் அவனை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. வெளியே தெரியாமல் போனால் போதும் என்றிருந்தேன். கோடை முழுவதும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. முப்பத்தொரு வயது ஆள், சட்டை தோளில் தொங்கியது.

அக்டோபர் கடைசியில், வேட்டைக்காரர்களின் புனிதருடைய திருநாள் நெருங்கிய ஒரு மாலை, என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அப்பா, ஹூபர்ட் திருநாளன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். வேட்டை உரிமத்தையும் கொடுத்துடறேன்."

"எதுக்குடா? புதைச்சாச்சு. யாருக்கும் தெரியாது."

"அந்தக் குட்டி கனவுல வருதுப்பா."

"நம்ம பேரு என்னாகும்?"

"பேரு தாங்கும்பா. நீங்க பக்கத்துல நின்னா போதும்."

மூன்று நாள் பொறு என்றேன். பொறுத்தான். சிறு வயதிலிருந்தே நான் சொன்னதைத் தட்டாதவன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மான்களுக்கு உப்புக்கல் வைக்க மேல் மேய்ச்சலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். முந்தின மாலையே நான் தோட்டாக்களை மேசைமேல் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஈய முனைக் குண்டு உள்ளேயே தங்கிவிடும். அது யாருடைய துப்பாக்கியிலிருந்து வந்தது என்று ஒரே வாரத்தில் சொல்லிவிடுவீர்கள். ஆகவே என் தந்தையின் பெட்டியைத் திறந்தேன். தேர்வு என்ற அளவில் அது சரியாகவே இருந்தது. அந்தக் குண்டு இன்றுவரை உங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஓடைப்பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். நூற்றறுபது மீட்டர் தூரம் இருக்கும். காற்று அவன் பக்கமிருந்து வீசியது. உப்புக்கல்லை வைத்து நிமிர்ந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கி ஆட்டினான். துணைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

பள்ளத்தில் இறங்கி ஏற இருபது நிமிடம் ஆயிற்று. அவனுக்கு உயிர் இருந்தது. அந்த வகைக் குண்டு அப்படித்தான் என்று முன்பே சொன்னேன். தலையை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

"தவறிப்போச்சு, இல்லப்பா?" என்றான்.

"ஆமாடா" என்றேன்.

"நீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. எவனோ திருட்டு வேட்டைக்காரன்னு சொல்லுங்க. நம்புவாங்க."

குடும்பப் பெயர்மேல் அவனுக்கு அக்கறை இல்லை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நம்பினார்கள். மான்களைக் காக்கப் போய் உயிர் கொடுத்தவன் என்று பாதிரியார் பேசினார். பள்ளத்தாக்கே வந்திருந்தது. வேட்டைக்காரனை அடக்கம் செய்யும்போது கொப்பு தொப்பியின் இடப்பக்கம் இருக்க வேண்டும். அது துக்கத்தின் பக்கம். கடைசியில் அதை எடுத்துக் குழியில் போடுவார்கள். எல்லோருக்கும் இடப்பக்கம் இருந்தது. கவனித்த ஓரிருவர், பாவம், பெரியவர் தடுமாறிவிட்டார் என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் மட்டும் என் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். ஒன்பது நாள் கழித்து இன்று வந்து கேட்கிறீர்கள்: "லைட்கெப் ஐயா, கொப்பை ஏன் வலது பக்கம் வெச்சிருந்தீங்க?"

கவனக்குறைவு என்று சொல்லலாம். ஆனால் நாற்பத்தெட்டு வருடமாக உண்மையை மட்டும் செருகிப் பழகிய கை. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

நான்தான் சுட்டேன். தெரிந்தே சுட்டேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அம்மா. அந்தப் பெண்மானின் விஷயத்தை மட்டும் எழுத வேண்டாம். எங்கள் குடும்பப் பெயரில் இதுவரை ஒரு கறையும் இல்லை.