மைப்பெட்டி இல்லாத கைநாட்டு

முத்திருளன்: …இன்னொரு தடவ வாசி.

சின்னத்தாய்: மூணு தடவ வாசிச்சாச்சு மச்சான். டீ ஆறுது, குடிங்க.

முத்திருளன்: மச்சானா? ஊர்க் கூட்டத்துல துரும்பக் கிள்ளிப் போட்டு, நீ யாரோ நான் யாரோன்னு தீத்துவிட்டு மூணு வருசமாச்சு…

சின்னத்தாய்: வாய்ப் பழக்கம். வேற எப்படிக் கூப்பிட? எழுமலைக்காரரேன்னா?

முத்திருளன்: இல்ல இல்ல… மச்சானே நல்லாத்தேன் இருக்கு. வாசி.

சின்னத்தாய்: "எழுமலை மொக்கையன் மகன் முத்திருளன் ஆகிய நான், என் மகள் ஒச்சாயி, வயது எட்டு, தன் தாயாருடன் சிங்கப்பூர் செல்வதற்குச் சம்மதிக்கிறேன்." போதுமா?

முத்திருளன்: இதெல்லாம் எதுக்காம்?

சின்னத்தாய்: எம்புட்டுத் தடவ சொல்ல? எம் பாஸ்போர்ட்டுல புருசன் பேரு கண்ணுச்சாமி. பள்ளிக்கூடச் சர்டிபிகேட்ல இவ மு. ஒச்சாயி. எழுத்து ஒத்துவரலேன்னா, புள்ள யாருதுன்னு கப்பல்ல ஏத்தாம மறிச்சுருவாகளாம்.

முத்திருளன்: தீத்துக்கிட்ட கதையச் சொல்ல வேண்டியதுதான?

சின்னத்தாய்: அதுக்கு ரசீது கேக்குறாக. துரும்புக்கு எங்கிட்டுப் போயி ரசீது வாங்க?

முத்திருளன்: ம்… ஏ ஒச்சாயி, இங்கன வா. என்னா வளத்தி வளந்துட்ட! இன்னொரு பஜ்ஜி திங்கிறியா?

ஒச்சாயி: வேணாம் அய்யா. ரெண்டு தின்னுட்டேன்.

முத்திருளன்: அங்க போயி அவர என்னன்னு கூப்பிடுவ?

ஒச்சாயி: சிங்கப்பூர் அப்பான்னு.

முத்திருளன்: சரி… சரி. நல்லாப் பாத்துக்குவாருல்ல?

சின்னத்தாய்: பாத்துக்குவாக. லெட்டர்ல மொதல்ல இவளத்தேன் கேப்பாக, பெறகுதேன் என்னய.

முத்திருளன்: அப்ப அங்கிட்டு இவ… க. ஒச்சாயியா?

சின்னத்தாய்: மாத்தமாட்டேன். மு-தேன்.

முத்திருளன்: கூடப் படிக்கிற புள்ளைக கேலி பண்ணாதா?

சின்னத்தாய்: பண்ணட்டுமே. எங்க அய்யா எழுமலையில இருக்காருன்னு சொல்லட்டும். என்ன, கண்ணத் தொடைக்கிறீக?

முத்திருளன்: கோரிப்பாளையத்துத் தூசி. பஸ்ஸும் லாரியுமா போகுதுல… கப்பல் என்னைக்கு?

சின்னத்தாய்: வெள்ளிக்கிழம. நாளைக்கி மெட்ராசுக்கு ரயிலேறணும்.

முத்திருளன்: திரும்ப…?

சின்னத்தாய்: டீ ஆறியே போச்சு, எடுத்துக் குடிங்க.

முத்திருளன்: சும்மாத்தேன் கேட்டேன்.

சின்னத்தாய்: கைநாட்ட வைங்க மச்சான். ஒன்றரை மணி பஸ்ஸ விட்டுருவீக.

முத்திருளன்: அடுத்த பஸ்ஸுல போறேன். மைப்பெட்டி எங்க?

சின்னத்தாய்: மைப்பெட்டியா…? மறந்துட்டேன்.

முத்திருளன்: கைநாட்டுக்காரன்கூட ஆறு வருசம் குடும்பம் நடத்துனவ, மைப்பெட்டிய மறந்தியாக்கும்!

சின்னத்தாய்: ஒச்சாயி, எதுத்த கடையில இருக்கான்னு… ஏ, பேப்பர இழுக்காத!

ஒச்சாயி: அம்மா, இது எங் கணக்குப் பரிச்சைத் தாளும்மா! நீ வாசிச்சது ஒண்ணுமே இதுல இல்ல. இந்தா பாரு, முப்பத்தெட்டு மார்க்கு!

முத்திருளன்: முப்பத்தெட்டா? அப்ப என்னயக் கொண்டுதேன் பெறந்திருக்கா.

சின்னத்தாய்: சிரிக்காதீக… இவ பாஸ்போர்ட்டு வந்து பத்து நாளாச்சு மச்சான். ஏஜெண்டு எப்படியோ முடிச்சுக் குடுத்துட்டாரு. ஒங்க கைநாட்டு வேண்டியதே இல்ல. ஆனா தீத்துக்கிட்டவ, புள்ளய வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்கன்னு சும்மாக் கூப்பிட முடியுமா? காகிதம்னு சொன்னாத்தேன் ஊரு வாய மூடும்…

முத்திருளன்: தெரியும் தாயி. எப்படியோ முடிக்கல… போன மாசம் ஏஜெண்டு எழுமலைக்கு வந்து எங்கிட்டக் கைநாட்டு வாங்கிட்டுத்தேன் போனாரு. ஒங்கிட்டச் சொல்லிராதீகன்னு நாந்தேன் கையப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன். அந்தக் கைநாட்டக் கேக்கவாவது நீ புள்ளயக் கூட்டிக்கிட்டு வருவேன்னு…