தேதி நல்லாத் தெரியுது

ஹலோ... ஹலோ... யாரு, ரஞ்சனி சிஸ்டரா? இரு கண்ணு, கையில சோப்பு... இல்லம்மா, பாத்திரம் தேய்க்கல. அவருக்கு பதினோரு மணிக்கு வயித்துத் தண்ணி மாத்தணும்ல, அதுக்குத்தான் கை கழுவிக்கினு இருந்தேன்... ஆமா, ஆமா, தூசி பறக்காம ஃபேன நிறுத்திட்டேன். கதவ சாத்திட்டேன். வெந்து சாவுறேன் உள்ள. செஞ்சில சித்திர வெயிலு இன்னான்னு உனக்குத் தெரியாது. மலைக்கல்லு காஞ்சி தெருவுக்கு அனலடிக்குது. நீ பாண்டி ஆஸ்பத்திரில ஏசில உக்காந்துக்கினு இருக்க... ம்ம்... தெரியும்டி, போன தொட்டா திரும்பியும் கழுவணும். அவருக்கு கிட்னி போயி ஒரு வருசமா கழுவறேன், கையில ரேகையே போயிடுச்சு.

சொல்லு. சாப்டியா?... நான் கேட்டா சொல்ல மாட்டியா? இன்னா கொரலு ஒரு மாதிரி இருக்குது?

...

வந்துடுச்சா ரிசல்ட்டு? அன்னிக்கு வயித்துவலின்னு வந்தப்போ பையிலருந்து எடுத்தியே, அந்தத் தண்ணியா? மூணு நாளா இன்னா பண்ணாங்க அத?... கிருமிய வளத்துப் பாத்தாங்களா! கோழி வளக்கற மாதிரியா? அட ஆண்டவனே... சரி, சரி, சிரிக்கல. சொல்லு.

...

எந்த மருந்துக்கும் சாவ மாட்டேங்குதா? எங்க மாமியாராட்டம்னு சொல்லு... சரிம்மா, கோவிச்சிக்காத. பயத்துல வாய் அப்பிடித்தான் வரும் எனக்கு. ஆனா நீ குடுத்தனுப்பின ஊசி மருந்த நீ சொன்ன மாதிரியே பையில கலந்துதான வுடறேன்? நல்லாத்தான இருக்குது? தெனம் போன்ல சொல்றேனே, தண்ணி தெளிவா இருக்குதுன்னு. நேத்தும் நீ சொன்ன மாதிரி எறக்குன பைய காலண்டர் முன்னாடி புடிச்சிப் பாத்தேன். இன்னிக்கு காலைலயும் பாத்தேன். தெளிவு.

...

அவரா? படுத்துக்கினு இருக்காரு. போர்வ போத்திக்கினு... ம்ம், போர்வதான். குளுருதாம்... இந்த வெயில்லதான்... இன்னா செய்யச் சொல்ற, குளுருதுன்னா போத்தத்தான வேணும்?... சாப்டல. நேத்து ராத்திரியும் சாப்டல. ரெண்டு வாட்டி வாந்தி.

...

இன்னிக்கே வரணுமா? இல்ல கண்ணு. நாளன்னிக்கு கமலக்கண்ணியம்மனுக்கு தேரு. அன்னிக்கே டாக்டர் படுக்க வைக்கணும்னு சொன்னாரு, நாங்கதான் கையெழுத்து போட்டுட்டு வந்துட்டோம், உனக்குத் தெரியுமே. நாப்பத்தஞ்சு வருசமா தேரு வடத்த தொடாம இருந்ததில்ல அவரு. வடத்த ஒரு தொடு தொட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வந்துர்றோம்... அதுவரிக்கும் தாங்காதா? இன்னா பேச்சு பேசற நீ?

...

ரஞ்சனி, உள்ளத சொல்லு. வந்தா அந்த கொழாய எடுத்துடுவீங்கதான? வயித்துல இருக்கற கொழாய... ஆங், பாத்தியா. அதுக்குத்தான் அவரு வரமாட்டேங்கறாரு. கொழா போனா வாரத்துக்கு மூணு நாளு பஸ்ஸேறிப் போயி ரத்தம் கழுவற மெஷின்ல படுக்கணும். வூட்லயே தண்ணி வுட்டு எடுத்துக்கினா ராஜாவாட்டம் இருக்கலாம்னு நீதான அன்னிக்கு சொன்ன?... சொன்ன, சொன்ன. பெஞ்சுல உக்காத்தி வச்சி சொன்ன. பக்கத்துல அவலூர்பேட்ட ஜெயக்கொடி கூட இருந்துச்சே, அதுவும் வயித்துல கொழா வைக்கத்தான வந்துச்சு, அதுக்கும் சேத்துதான் சொன்ன. அந்தப் பொம்பள வேற நாலு நாளா போன எடுக்க மாட்டேங்குது. கோவமா இன்னான்னு தெரியல.

...

ஹலோ? லைன்ல இருக்கியா?... ம்ம்.

வேற மாத்திரையா? வேற ஒண்ணும் குடுக்கலியே... இல்ல... இல்லன்னு சொல்றேன்ல.

...

கேக்கற விதத்தப் பாரு, போலீஸாட்டம்.

குடுத்தேன். போதுமா? மாசிலருந்து... மூணு வாட்டி. நாலோ. போன வருசம் இதே மாதிரி வந்தப்போ டாக்டர் எழுதிக் குடுத்தாரே, அந்த சீட்டு இருந்துச்சு. வயிறு வலிக்குதுன்னு சொன்னா அத காட்டி வாங்கியாருவேன். மருந்துக்கடைல தேதி பாத்துட்டு முடியாதுன்னுதான் சொன்னாங்க. நான்தான் அழுது வாங்கினேன்... முழுசா இல்ல. ரெண்டு நாளு குடுத்தா வலி நின்னுடும், நிறுத்திடுவேன். எதுக்கு வீணா ஒடம்புல மருந்து சேக்கணும்? மீதிய அஞ்சறப்பெட்டில போட்டு வச்சிப்பேன், அடுத்த வாட்டிக்கு ஆவும்னு.

...

பாதில நிறுத்துனதாலயா?... சாவாத கிருமி பழகிக்கிச்சா? மருந்தத் தின்னு?... நான் எப்பிடிம்மா கண்டேன். வலி நின்னுச்சு, நான் நல்லா ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.

...

வேற யாருக்குமா? எதுக்குக் கேக்கற?

...

ஜெயக்கொடிக்குத்தான். பங்குனில போன் பண்ணி அதுக்கும் அதே வலின்னு சொல்லுச்சு. காயிதத்துல நாலு மாத்திர மடிச்சி, பஸ்ஸு கண்டக்டர் கிட்ட குடுத்தனுப்பினேன். நல்லா கேட்டுச்சுன்னு மறுநாளு போன் பண்ணுச்சே! அக்கா, நீதான் என் டாக்டருன்னு சொல்லி சிரிச்சிச்சே. ஏன், அதுக்கு இன்னா?

...

எப்போ?

...

திங்கக்கெழமயே உசுரு போயிடுச்சா... நான் செவ்வாக்கெழமலருந்து போன் போட்டுக்கினு இருக்கேன் ரஞ்சனி. ரிங்கு போயிக்கினே இருந்துச்சே...

...

இல்ல. அழல. சொல்லு, இன்னா பண்ணணும்... பையா? காலைல ஆறு மணிக்கு எறக்குன பை இங்கதான் பேசின்ல இருக்குது. பதினோரு மணி பையோட சேத்துக் கொட்டலாம்னு வச்சிருந்தேன்... கொட்டல. கையில எடுத்துட்டேன். கனமா இருக்குது... காலண்டருக்கு முன்னாடிதான், இரு, செவுத்துக்கிட்ட போறேன். ஆங், புடிச்சிட்டேன். தெரியுதுடி, தேதி நல்லாத் தெரியுது. செவப்பா, பெரிசா.

...

பை வழியா சின்ன எழுத்து தெரியணுமா?

...

சின்ன எழுத்துன்னு சொன்னியா நீ? காலண்டர வச்சிப் பாருன்னுதான... நான் எப்பவும் தேதியத்தான் பாப்பேன். சின்னது எனக்குத் தெரியாது கண்ணு, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி. அவருதான் போட்டுக்கினு பேப்பர் படிப்பாரு... இரு. ஏங்க, கண்ணாடி எங்க? தலகாணிக்கு கீழவா? ஏங்க... இப்பிடி கொதிக்குதே ஒடம்பு. செத்த நவுருங்க... இருக்குது, எடுத்துட்டேன்.

மாட்டிக்கினேன். மொதல்ல பை இல்லாம படிக்கறேன். நல்ல நேரம் ஒம்பதே காலுலருந்து... கும்பத்துக்கு அலைச்சல். ம்ம், நல்லா தெரியுது. இப்போ பைய வச்சி...

...

இரு. வெளிச்சத்துல காட்டறேன்.

...

தெரியல, ரஞ்சனி.

ஒரு எழுத்து கூட தெரியல. தேதி மட்டும் பூதமாட்டம் நிக்குது. அடில நூலு நூலா மெதக்குது... நேத்துமா? நேத்தும் தேதியத்தான் பாத்தேன். மூணு நாளும். மூணு நாளும் உனக்கு தெளிவு, தெளிவுன்னு சொன்னேன்.

...

சரி... சரி... நூத்தியெட்டுக்கு நீயே சொல்லிடு. மலை ரோட்டுல, ரேஷன் கடைக்கு எதிர் சந்துன்னு சொல்லு... பைய கொட்ட மாட்டேன், கையோட எடுத்துக்கினு வரேன். அந்த மாத்திரையும்... மூணு இருக்குது, எடுத்துட்டு வரேன். தண்ணி இப்போ மாத்த வேணாமா? சரி.

ஏங்க, எழுந்திரிங்க. பாண்டி போறோம்... தேரு எங்கயும் போவாது. சட்டைய போடுங்க. ஏங்க... கண்ணத் தொறந்து என்னப் பாருங்க. நான் யாரு சொல்லுங்க?... பவுனுங்க, உங்க பவுனம்மா. பேரு சொல்லத் தெரியல ரஞ்சனி அவருக்கு. பாக்கறாரு, ஆனா என்னப் பாக்கல.

...

வைக்கிறேன், வைக்கிறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. ஜெயக்கொடிய இட்டுக்கினு வந்தப்போ, அது பை எப்பிடி இருந்துச்சு?

...

கஞ்சித்தண்ணியாட்டம்.

...

வண்டிய சீக்கிரம் அனுப்பு.