கிளினிக் வாசல் வரை

“எங்கம்மாவ கிளினிக்குக்குப் போகச் சொன்னீங்களே டீச்சர், நீங்க போனீங்களா?”

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒருநாள் இப்படிக் கேட்டபோது ஜெனிதா டீச்சர் சிரித்து மழுப்பிவிட்டாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கென்று அவளும் நாகலெட்சுமி டீச்சரும் கிளினிக் வாசல் வரை போனதுண்டு. அங்கே உட்காரும் வாங்கு நிறையப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாமார். “நம்மளப் பத்தித் தோட்டத்து லயத்துல என்ன பேசுவாங்க?” என்று நாகலெட்சுமியின் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தவள் ஜெனிதாதான். இரண்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் நாகலெட்சுமிக்கு இரத்தம் போகத் தொடங்கிய பிறகுதான் பரிசோதனை நடந்தது. சனிக்கிழமை காலை நாகலெட்சுமியிடமிருந்து ஜெனிதாவுக்குப் போன் வந்தது.

“ஹலோ... ஆமாக்கா, நாந்தான்... ரிப்போட் வந்துருச்சா?... ம்... ம்... அழாம சொல்லுங்க... புத்துநோய்னே சொல்லிட்டாங்களா?...

“ஆரம்பந்தானே?... ஆமா, ஆமா, டொக்டரே சொல்றாருல்ல, சுகப்படுத்தலாம்னு... திங்கக்கெழம கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாங்களா? போயிட்டு வாங்க... என்னது, போகலையா?

“யக்கா, வெளையாடுறீங்களா?... சோதன பேப்பரா?... ஆமா, அலுமாரியில அப்படியேதான் கெடக்கு... புதன்கெழம புள்ளி குடுக்கணுந்தான்... அதுக்காக?... பேப்பர் எங்கயும் ஓடிறாதுக்கா. நோய் நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா?...

“யாரு திருத்துறதா?... வந்து... பிரின்சிபல் சேர் வேற ஆள ஒழுங்கு பண்ணிட்டாரு... ஆமாக்கா, ஆமா... சத்தியமெல்லாம் கேக்காதீங்க, நாளைக்கிக் கோயிலுக்குப் போறவ நானு...

“ஒங்க வீட்டுக்கார அண்ணே கூட வர்றாரா?... ஐயோ, ஊசியக் கண்டாலே மயங்குற மனுசன்! நீங்கதான் அவரப் புடிச்சுக்கணும்... ஆ, அப்படிச் சிரிங்க...

“அக்கா... ஒன்னு சொல்லணும். அன்னைக்கி வாசல்ல நான்... இல்ல, நீங்க பேசாதீங்க, நான் சொல்லிர்றேன்... நான் மட்டும் ஒங்க கையப் புடிச்சு இழுக்கலைன்னா... ஆங்?... எனக்கா?... என்னயப் பத்திக் கவலப்படவா இது நேரம்?... இல்லக்கா, இன்னும் போகல... போறேன்... ஆமா, ஆமா, வர்ற கிளினிக்குக்கே போறேன். எல்லாரும் பாக்கட்டும்... அழலக்கா, தடிமன், மூக்கு ஒழுகுது... ஹலோ?... அக்கா?... ஹலோ?”

தொடர்பு அறுந்துவிட்டது.

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெனிதா வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. அலுமாரியைத் திறந்து நாகலெட்சுமியின் பேப்பர் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். மலையில் பனி இறங்கும்வரை குனிந்த தலை நிமிராமல் திருத்தினாள். விடை தவறினாலும் வழி சரியாயிருந்த பிள்ளைக்கு அரைப் புள்ளி போட்டாள். நாகலெட்சுமி டீச்சர் அப்படித்தான் போடுவார். கூட்டல்களை இரண்டு தடவை சரிபார்த்து, கட்டை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

கட்டின் மேல் திருத்தியவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.