ஒரு சிட்டிகை இரும்பு

அரைக்கிற வேலையை யாரும் மதிப்பதில்லை, ஐயா. ஆராய்ச்சிக் கட்டுரையில் அதை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "பொடிகள் நன்றாக அரைக்கப்பட்டன." யார் அரைத்தது, எத்தனை மணி நேரம், தோள்பட்டை என்ன பாடுபட்டது, ஒன்றும் இருக்காது. நான் குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் விசாரணை அலுவலர், நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதலில் நடப்பது அரைப்பதுதான்.

பத்தொன்பது வருடமாக அந்தச் சோதனைக்கூடத்தில் உலை பார்க்கிறேன். எல்லோருக்கும் நான் உலைக்காரர். அவள் மட்டும் வந்த அன்றைக்கே "அண்ணே" என்றாள். முனைவர் பட்டத்துக்கு வந்த பெண். ஆள் மெலிவு, வாய் ஓயாது. "அண்ணே, நீங்களா இந்த உலையா, யாரு மூத்தவங்க?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கூடத்தில் அதற்கு முன்னால் நான் சிரித்ததாக நினைவில்லை.

அவளுடைய ஆராய்ச்சி இதுதான். செம்பு, பேரியம், இன்னும் இரண்டு ஆக்சைடுகள். இவற்றை அரைத்து, வில்லையாக அழுத்தி, உலையில் சுட்டு, ஆக்சிஜன் ஓட்டத்தில் மெல்ல ஆறவிட வேண்டும். கிடைப்பது கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு வில்லை. ஆனால் போதுமான அளவு குளிரவைத்தால் அதற்குள் மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும். மீக்கடத்தி என்பார்கள். எந்தக் குளிரில் அப்படி மாறுகிறதோ, அதுதான் மாறுநிலை வெப்பநிலை. குளிர் குறைவாகத் தேவைப்பட்டால் அந்தப் பொருளுக்கு மவுசு கூடும். அவள் கணக்குப்படி மைனஸ் நூற்றைம்பது டிகிரியிலேயே மாறியாக வேண்டும். எட்டிவிட்டால் பட்டம், பிறகு வெளியே பெரிய கூடங்களிலிருந்து அழைப்பு. ஐந்து வருடத்துக்குள் எட்டாவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்கு. எப்படியும் போய்விடுவாள் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

முதல் தடவை நடந்தது விபத்து. அகேட் கல் உரல் என் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று எஃகு உரலில் அரைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து இரும்பு தேய்ந்து பொடியில் இறங்கிவிட்டது. இரும்புக்குக் காந்த குணம் உண்டு, மீக்கடத்திக்கு அது ஆகவே ஆகாது. மாறுநிலை வெப்பநிலையைத் தரதரவென்று கீழே இழுத்துப் போட்டுவிடும். இது எனக்குத் தெரியும். அத்தனை வருடம் நான் காதைப் பொத்திக்கொண்டா வேலை பார்த்தேன்?

வில்லையைத் திரவ நைட்ரஜனில் வைத்து, மேலே ஒரு சின்னக் காந்தத்தை வைப்பார்கள். மீக்கடத்தியாக மாறியிருந்தால் காந்தம் அந்தரத்தில் மிதக்கும். அன்று அது கூழாங்கல் மாதிரி கிடந்தது. அவள் உலைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். "அண்ணே, நீங்க மட்டும் இல்லன்னா நான் இன்னிக்கே மூட்டையக் கட்டிருப்பேன்" என்றாள். என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஐயா. மனசு நிறைந்துவிட்டது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரமே புது அகேட் உரல் வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரும்பை நான்தான் போட வேண்டியிருந்தது.

ஒரு சிட்டிகைதான். கறுப்பில் கறுப்பு, கண்ணுக்கே தெரியாது. அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். சுவரில் ஒரு தாள் ஒட்டி, மாறுநிலை வெப்பநிலையைக் குறைக்கக்கூடிய காரணங்களை வரிசையாக எழுதினாள். ஆக்சிஜன் போதவில்லையா, சூடு கூடிவிட்டதா, ஆறவிட்ட வேகமா, வில்லையை அழுத்திய எடையா, துகள் பெரிதாக இருந்ததா. ஒவ்வொன்றையும் மாதக்கணக்கில் சோதித்துச் சிவப்பு மையால் அடிப்பாள். நான் பக்கத்திலேயே இருப்பேன். அலுக்காமல் அரைத்துக் கொடுப்பேன்.

என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைக்காதீர்கள். வருடா வருடம் ஆய்வுக் குழு வந்து உட்காரும். முன்னேற்றம் இல்லையென்றால் பாதியிலேயே அனுப்பிவிடுவார்கள். அதனால் அந்தச் சமயத்தில் சிட்டிகையைக் குறைத்துவிடுவேன். இரண்டாம் வருடம் அவள் வில்லையை அழுத்தும் எடையைக் கூட்டியிருந்தாள், நான் இரும்பைக் குறைத்திருந்தேன். ஏழு டிகிரி ஏறியது. குதித்தாள். மூன்றாம் வருடம் ஆக்சிஜனில் கூடுதலாகப் பத்து மணி நேரம் வைத்தாள், இன்னும் ஆறு டிகிரி. அழுத்தமும் ஆக்சிஜனும் மாறுநிலை வெப்பநிலையை எப்படி உயர்த்துகின்றன என்று கட்டுரை எழுதி, அது அச்சிலும் வந்தது. அதில் அழகான ஒரு வளைகோடு இருக்கிறது. வளைந்ததெல்லாம் என் விரல்தான். கட்டுரையின் கடைசியில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாள், அது நியாயம்தான்.

அவளுக்காக ஒருவன் காத்திருந்தான். அந்த வருடத்தோடு காத்திருப்பதை நிறுத்திக்கொண்டான். அவனை நான் ஒன்றும் செய்யவில்லை.

நான்காம் வருடம் அவளுக்குச் சரியான சந்தேகம் வந்தது. கெட்டிக்காரி, வராமல் இருக்குமா?

"அண்ணே, எங்கயாவது இரும்பு கலந்திருக்குமோ?"

"நம்ம கூடத்துலயா? எதுக்கும் சோதிச்சுப் பாத்துடுவோம், தங்கச்சி. சந்தேகத்த மனசுல வெச்சுக்கக் கூடாது."

பரிசோதனைக்கு அனுப்ப வேண்டிய வில்லையை என்னிடமே கொடுத்தாள். அதற்குப் பதிலாகக் கொடுக்க எனக்குச் சுத்தமான ஒன்று வேண்டியிருந்தது. அவள் குறிப்பேட்டில் எழுதியிருந்தபடியே அரைத்தேன், சுட்டேன், ஆறவைத்தேன். இரும்பு சேர்க்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது அதை அளந்து பார்த்தேன். மைனஸ் நூற்று நாற்பத்தெட்டு. அவள் கணக்கைவிட இரண்டு டிகிரி மேல். நைட்ரஜனில் வைத்துக் காந்தத்தையும் வைத்தேன். மிதந்தது. விரலால் தட்டினால் அந்தரத்திலேயே சுற்றியது. என் தங்கை சாதித்துவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு பெருமை. கண் கலங்கிவிட்டது.

அதைத்தான் பரிசோதனைக்குக் கொடுத்தேன். அங்கே இடித்துப் பொடியாக்கிப் பார்த்துவிட்டு, இரும்பு இல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் பட்டியலில் இரும்பையும் அடித்தாள். பிறகு கீழே புதிதாக ஒரு காரணம் எழுதினாள்: "என் கை."

அதன் பிறகு அவள் எதையும் தொடப் பயந்தாள். ஒரே பொடியை நான்கு முறை எடை போடுவாள், நான்கு முறையும் நம்ப மாட்டாள். வீட்டுக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்து, "அண்ணே, வாயுக் குழாய மூடினேனா?" என்பாள். மூடித்தான் இருக்கும். அம்மாவிடமிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. அந்த வாய் ஓய்ந்துபோனது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் என்னைக் கேட்காமல் அவள் ஒரு காரியமும் செய்யவில்லை. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். வேறு இரண்டு கூடங்களில் அவள் கட்டுரையைப் பார்த்து அதே மாதிரி செய்திருக்கிறார்கள். எடையைக் கூட்டினாலும் ஆக்சிஜனைக் கூட்டினாலும் ஒன்றும் பெரிதாக மாறவில்லையாம். மாறாதுதான். ஆனால் அவர்கள் சுட்ட வில்லைகள் எல்லாமே முதல் தடவையே மைனஸ் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் மாறிவிட்டனவாம். அப்படியானால் இவள் காட்டிய எண்கள் எல்லாம் ஜோடித்தவை என்று புகார் எழுதிவிட்டார்கள். அது நிஜமென்று முடிவானால் பட்டம் கிடையாது, இனி எந்தக் கூடத்திலும் கால் வைக்க முடியாது. அதற்காகத்தான் இந்த விசாரணை.

நேற்று நீங்கள் அவளைக் கேட்டபோது அவள் மறுக்கவில்லையாம். எங்கேயோ தான்தான் தப்புச் செய்திருக்க வேண்டும், எண்களை மாற்றி எழுதியிருக்கவும் கூடும், தனக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது, ஐயா. செய்யாததைச் செய்தேன் என்று ஒருத்தி எழுதிக் கொடுக்கலாமா? எனக்குப் பொய் பிடிக்காது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். அவள் எண்கள் ஒவ்வொன்றும் நிஜம். இரும்பு போட்டது நான், ஐந்து வருடமும் நான்தான். என் அலமாரியில் பாட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். இரண்டு நாளில் சரியாகிவிடும், அண்ணன் தங்கைக்குள் இதெல்லாம் சகஜம். பழி நீங்கிவிட்டால் இன்னும் ஒரு வருடம் நீட்டித்துக் கொடுப்பார்கள், நிதானமாக முதலிலிருந்து தொடங்கலாம். உலை சூடேற ஆறு மணி நேரம் பிடிக்கும். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவாள் என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.